பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?

"கடன் வாங்குவது நான். சிட்டா, அடங்கல் எல்லாம் கொடுத்துவிட்டேன். அப்புறம் எதற்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கையெழுத்து?"

கூட்டுறவு சங்கத்துக்கு நபர் ஜாமீன் கடனுக்காகப் போகிற விவசாயிகளில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் குறைவு. செயலாளர் "விதி அப்படி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அவர் மேல் தப்பில்லை. வெளியே இருபது பேர் வரிசையில் நிற்கும்போது கதை சொல்ல முடியாது. ஆனால் அந்த விதிக்கு ஒரு கதை இருக்கிறது. அது சென்னைக் கோட்டையிலோ டெல்லியிலோ பிறந்த விதி அல்ல. ஜெர்மனியில், மண் வளம் இல்லாத ஒரு மலைப் பகுதியில், கண் பார்வை மங்கிக்கொண்டே வந்த ஒரு மனிதர் பலமுறை தோற்றுக் கண்டுபிடித்தது.

அவர் பெயர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். கூட்டுறவுப் பயிற்சி படித்தவர்களுக்கு 'ரெய்பீசன்' என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்த பெயராக ஞாபகம் இருக்கலாம். மனப்பாடத்தோடு விட்டுவிட வேண்டிய ஆள் அல்ல அவர்.

1818-ல் ரைன் நதிக்கு வலக்கரையில் உள்ள வெஸ்டர்வால்ட் பகுதியில், ஹாம் என்ற சிற்றூரில் பிறந்தார். பெரிய குடும்பம், கையில் காசு இல்லை. மேல்படிப்பு கிடையாது, ஊர்ப் பாதிரியாரிடம் கற்றதுதான் படிப்பு. பைபிளும் அங்கேதான் ஊறியது. 17 வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கண்நோய் வந்து 1843-ல் ராணுவத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1845-ல் வையர்புஷ் என்ற இடத்துக்கு மேயர் ஆனார். மேயர் என்றதும் மாநகராட்சியை நினைக்க வேண்டாம். இருபதுக்கு மேற்பட்ட குக்கிராமங்களைச் சேர்த்துப் பார்க்கிற வேலை. நம்மூர் வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர், பி.டி.ஓ. மூன்று பேரும் ஒருவரே என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் பதவிக்கு வந்த நேரம் கெட்ட நேரம். ஐரோப்பா முழுவதும் உருளைக்கிழங்கில் பின்பருவ இலைக்கருகல் நோய் பரவிய காலம் அது. நீலகிரி விவசாயிகளுக்கு இந்த நோயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரண்டு நாள் பனியும் தூறலுமாக இருந்தால் மூன்றாம் நாள் தோட்டம் கருகி நிற்கும். இன்று மருந்து இருக்கிறது. அன்று எதுவும் கிடையாது. தானிய விளைச்சலும் கைவிட்டது. 1846-47 குளிர்காலத்தில் வெஸ்டர்வால்ட் ஏழைகள் பட்டினி கிடந்தார்கள்.

அரசாங்கம் மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. ரொக்கம் இருந்தால் அவர்கள் ஏன் பட்டினி கிடக்கப் போகிறார்கள்? ரைஃபைசன் உத்தரவை ஓரமாக வைத்துவிட்டு மாவைக் கடனுக்குக் கொடுத்தார். ஊரில் வசதி உள்ளவர்களைக் கூட்டிப் பணம் போடச் செய்தார். பொது அடுப்பு கட்டி ரொட்டி சுட்டு, கடை விலையைவிட நன்றாகக் குறைத்துக் கொடுத்தார்கள். வசந்தம் வந்ததும் விதைக்கிழங்கும் அதே வழியில் வாங்கிக் கொடுத்தார்கள். அறுவடைக்குப் பிறகு திருப்பிக் கட்டலாம் என்பது ஏற்பாடு. அந்தக் கடன் திரும்பி வந்தது என்பதைத்தான் இதில் கவனிக்க வேண்டும்.

அடுத்து அவர் மாற்றலாகிப் போன ஊர் ஃபிளாமர்ஸ்ஃபெல்ட். அங்கே பட்டினியைவிட மாட்டுக் கடன் பெரிய தொல்லையாக இருந்தது.

வெஸ்டர்வால்ட் சிறு விவசாயிக்கு மாடு பால் மட்டும் தருவதில்லை. ஏர் இழுப்பதும் அதுதான், வயலுக்கு எரு தருவதும் அதுதான். மாடு இல்லாத வீடு அடுத்த வருஷம் நிலமும் இல்லாத வீடாகிவிடும். கையில் காசில்லாதவர் மாடு வியாபாரியிடம் போவார். வியாபாரி ஒரு மாட்டைக் கொண்டுவந்து தொழுவத்தில் கட்டிவிட்டுப் போவார். தீனி விவசாயியுடையது, வேலை விவசாயியுடையது, மாடு மட்டும் வியாபாரியுடையது. நம்மூரில் வாரத்துக்கு மாடு வளர்ப்பதை அறிந்தவர்களுக்கு இது புரியும். ஆனால் நம்மூர் வாரத்தில் கன்றையாவது பங்கிட்டுக்கொள்வார்கள். அங்கே கடனும் வட்டியும் சேர்ந்து கடைசியில் மாட்டோடு துண்டு நிலமும் போவது வழக்கமாயிருந்தது.

வட்டி எப்படி ஆளைச் சாப்பிடும் என்பதற்கு இன்றைய கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 50,000 ரூபாய்க்கு ஒரு கறவை மாடு. கடன் '3 பைசா வட்டி', அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். கேட்கச் சின்னதாக இருக்கும். மாதம் 1,500, வருஷம் 18,000 ரூபாய், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். அதே பணம் வருஷத்துக்கு 12 சதவீதத்தில் கிடைத்தால் வட்டி 6,000. மிச்சம் 12,000 ரூபாயில் அடர்தீவனம் வாங்கலாம். மாடு அதேதான், பாலும் அதேதான். கடன் எங்கே வாங்கினோம் என்பதில்தான் மாடு வருமானமா செலவா என்பது முடிவாகிறது. மாட்டு லோனுக்குத் திட்ட அறிக்கை எழுதும்போது பால் அளவைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர்கள், வட்டியைப் பற்றி அரை நிமிஷம்கூடப் பேசுவதில்லை.

1849-ல் ரைஃபைசன் ஃபிளாமர்ஸ்ஃபெல்டில் ஓர் உதவிச் சங்கம் தொடங்கினார். வசதி படைத்த சுமார் 60 பேர், 'இந்தச் சங்கம் வாங்கும் கடனுக்கு எங்கள் சொத்து முழுவதும் பொறுப்பு' என்று சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்தை நம்பி வெளியில் நியாயமான வட்டிக்குப் பணம் கிடைத்தது. சங்கம் மாடு வாங்கி ஏழை விவசாயிக்குக் கொடுத்தது. அவர் ஆண்டுத் தவணையாகக் கட்டினார். பிறகு பணமாகவும் கடன் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்த 60 பேர் ஏன் கையெழுத்துப் போட்டார்கள்? லாபம் எதுவும் கிடையாது. ரைஃபைசன் அவர்களிடம் பேசியது கணக்கு அல்ல, பக்தி. கடவுள் கொடுத்த சொத்துக்கு ஒருநாள் அவரிடம் கணக்குச் சொல்ல வேண்டும். எளியவருக்குச் செய்தது எதுவோ அது கிறிஸ்துவுக்கே செய்தது. இதுதான் அவர் பேச்சு. அவர் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவர் இல்லை. அதை முழுதாக நம்பினார். நம்பியதால்தான் பின்னால் அவருக்கு அவ்வளவு கஷ்டம்.

1852-ல் ஹெட்டெஸ்டோர்ஃப் என்ற ஊருக்கு மாற்றலாகி, 1854-ல் அங்கேயும் ஒரு தர்ம சங்கம் தொடங்கினார். ஆசை பெரியது. கவனிப்பாரற்ற குழந்தைகளை வளர்ப்பது, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடித் தருவது, நூலகம், மாட்டுக் கடன், பணக் கடன் என எல்லாம் ஒரே சங்கத்தில். வருஷங்கள் போகப் போக ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கடன் கொடுப்பது மட்டும் மிஞ்சியது. அதிலும் ஜாமீன் நின்ற பணக்காரர்கள் மெல்ல நழுவினார்கள். முதல் வருஷம் தர்மம், இரண்டாம் வருஷம் கடமை, ஐந்தாம் வருஷம் தலைவலி. யாரையும் குறை சொல்ல முடியாது. தனக்கு ஒரு ரூபாய் பயனில்லாமல், தன் வீட்டையும் நிலத்தையும் அடுத்தவர் கடனுக்கு எத்தனை வருஷம் ஈடாக வைத்திருப்பார் ஒருவர்?

ரைஃபைசன் இதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பல வருஷம் பிடிவாதமாக இருந்தார். உள்ளவர் இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர் மதம். கடன் வேண்டியவர்களே ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றுகொள்வது அவருக்குத் தர்மமாகவே படவில்லை. 1864-ல்தான் மனம் இறங்கி ஹெட்டெஸ்டோர்ஃப் சங்கத்தைக் கலைத்துக் கடன் சங்கமாக மாற்றினார். புது விதி இதுதான்: கடன் வேண்டுமா, உறுப்பினராகு. உறுப்பினரா, எல்லோர் கடனுக்கும் நீயும் பொறுப்பு.

அந்த நாளில் அவர் நிலைமை எப்படி என்றும் சொல்ல வேண்டும். 1863-ல் மனைவி இறந்துவிட்டார். கண் ஏறக்குறைய போய்விட்டது. 1865-ல் மேயர் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்; ஓய்வூதியம் போதவில்லை. சுருட்டுத் தொழில் செய்து பார்த்தார், பிறகு ஒயின் வியாபாரம். கடன் சங்கங்களைத் தொடங்கிவைத்தவர் அவற்றிலிருந்து சம்பளம் எடுக்கவில்லை. மூத்த மகள் அமாலி அவருக்குக் கண்ணாக இருந்தார். அப்பா சொல்லச் சொல்லக் கடிதங்களை எழுதியவர் அவர்தான். அப்பாவை விட்டுப் போகாமல், கல்யாணமும் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டார். சங்கங்களை எப்படி நடத்துவது என்று ரைஃபைசன் எழுதிய புத்தகம் 1866-ல் வெளிவந்தது. கூட்டுறவு வரலாற்றில் அமாலிக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும். ஒதுக்கியவர்கள் குறைவு.

இனி அந்த விதிகளைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரு தோல்வியிலிருந்து வந்தது.

சங்கத்தின் எல்லை ஒரு திருச்சபைப் பகுதி, அதாவது ஒருவரையொருவர் முகம் தெரிந்த அளவு. யார் குடிப்பவர், யார் மாட்டைப் பட்டினி போடுபவர், யார் ஒரு மூட்டை உரம் வாங்கினால் அரை மூட்டையை விற்றுவிடுபவர் என்று நிர்வாகக் குழுவுக்குத் தெரியும். குழுவில் இருப்பவர்களுக்குச் சம்பளம் இல்லை. கணக்கு எழுதுபவருக்கு மட்டும் சிறு தொகை. பல ஊர்களில் அது பள்ளி ஆசிரியர். கடன் எதற்கு என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். மாட்டுக்கு வாங்கி வேறு எதற்காவது செலவழித்தால், முன்னறிவிப்பு கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தவணை வாரக் கணக்கில் இல்லை, வருஷக் கணக்கில். நிலத்தில் போட்ட பணம் வாரா வாரம் காய்க்காது என்று அவருக்குத் தெரியும். லாபம் வந்தால் பங்கு பிரிப்பதில்லை. எல்லாம் பொது நிதிக்குப் போகும். சங்கமே கலைந்தாலும் அந்த நிதியை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது.

இந்தக் கடைசி இரண்டு விதிகளுக்காக அவர் பெரிய சண்டை போட வேண்டியிருந்தது. நகரத்துக் கைவினைஞர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கடன் சங்கம் அமைத்த ஷுல்ட்ஸே-டெலிட்ஷ் என்பவர், 'பங்குத் தொகை வசூலி, குறுகிய காலக் கடன் கொடு, லாபப் பங்கு கொடு' என்றார். நகரத்துக்கு அது சரியாகவே வந்தது. மூன்று மாதத்தில் சரக்கை விற்றுப் பணம் பார்க்கும் கடைக்காரர் மூன்று மாதத்தில் கட்டலாம். மாடு வாங்கியவர் என்ன செய்வார்? இருவரும் அவரவர் இடத்தில் சரி. விவசாயிக்குக் கடைக்காரர் அளவில் சட்டை தைக்கக் கூடாது என்பதுதான் ரைஃபைசன் கட்சி.

பணம் சேர்த்து வைத்தவரின் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். கிராமத்தில் ஒரு விதவை, அல்லது வயதான பண்ணையாள், கொஞ்சம் காசு வைத்திருப்பார். தலையணைக்குள் வைத்தால் வட்டி இல்லை. தூரத்து நகர வங்கிக்குப் போய்வரத் தோதில்லை. ஊர்ச் சங்கத்தில் போட்டால் நிதானமான வட்டி, அதற்கு ஊரார் சொத்து முழுவதும் ஈடு. அதைவிடப் பெரிய பாதுகாப்பு ஒன்று இருந்தது. தன் பணம் எந்தத் தொழுவத்தில் மாடாக நிற்கிறது என்று அந்த அம்மாளால் தெருவில் நடந்துபோகும்போதே பார்க்க முடிந்தது. தர்மமும் முதலீடும் வேறு வேறு என்று நினைத்திருந்த ரைஃபைசனுக்கு, இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வந்து நின்றது. 1888 மார்ச் 11-ல், 70 வயது நிறைய மூன்று வாரம்கூட இல்லாதபோது அவர் காலமானார். அப்போது ஜெர்மனியில் அவர் வழியில் 400-க்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தன.

அது ஒரு மதத்துக்காரர் சொத்தாகவும் நிற்கவில்லை. இத்தாலியில் 1883-ல் லொரேஜியா என்ற கிராமத்தில் முதல் சங்கத்தைத் தொடங்கிய லியோனே வொல்லெம்போர்க் ஒரு யூதர். பிறகு அங்கே கத்தோலிக்கப் பாதிரியார்கள் ஊர் ஊராக அதை எடுத்துச் சென்றார்கள். புராட்டஸ்டன்ட் காரரின் விதிகள்தான், கும்பிடும் இடம்தான் வேறு.

நம் பக்கம் வந்த கதை சுருக்கமானது. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஆங்கில அதிகாரியை, விவசாயிகளுக்கு நில வங்கி அமைக்க முடியுமா என்று ஆராயச் சென்னை அரசு ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதியாக அறிக்கை கொடுத்தார். நம்மூர் நிதிகளையும் அவர் விடாமல் ஆராய்ந்திருந்தார். அவ்வளவு பக்கம் எழுதி அவர் வந்து சேர்ந்த முடிவு, வங்கியைத் தேடுவதற்கு முன் ரைஃபைசன் போன்ற ஆளைத் தேடுங்கள் என்பதுதான். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பு, லாபம் காப்பு நிதிக்கு என்று ஹெட்டெஸ்டோர்ஃப் விதிகள் அதில் அப்படியே வந்து உட்கார்ந்தன. அந்த ஆண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் கிராமக் கடன் சங்கம் பதிவாகியது. டி.கே.எம். 9, டி.கே.எம். 13 நெல் ரகங்களை நட்டவர்களுக்கு அந்த ஊர் தெரிந்திருக்கும், டி.கே.எம். என்பதே திரூர்க்குப்பத்தின் சுருக்கம்தான்.

அதற்குப் பிறகு நடந்ததில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. சங்கங்களுக்கு மேலிருந்து பணம் வர ஆரம்பித்தது. பணம் பெருகியது, சொந்தம் குறைந்தது. 'நம்ம சங்கம்' என்பது 'கவர்மென்ட் லோன்' ஆயிற்று. வறட்சி ஆண்டில் தள்ளுபடி கிடைத்தால் அது உயிர் காக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்த தேர்தலை எதிர்பார்த்துத் தவணையைத் தள்ளிப்போடுகிறவர், அதே ஊரில் சங்கத்தில் வைப்பு வைத்திருக்கும் கிழவியைப் பற்றி யோசிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பணத்துக்கு யாரும் காவல் இருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கம், வாரா வாரம் வாசலில் வந்து நிற்கும் குழுக் கடன். பார்க்க ரைஃபைசன் முறை மாதிரியே இருக்கும்: ஒருவருக்கு மற்றவர்கள் பொறுப்பு. உள்ளே வேறு. ஹெட்டெஸ்டோர்ஃபில் பொறுப்பேற்றவர்களே யாருக்குக் கடன், எதற்குக் கடன், எத்தனை வருஷம் என்று முடிவு செய்தார்கள். வட்டியில் மிஞ்சியது அவர்கள் ஊர் நிதிக்கே போனது. இங்கே முடிவு வேறு எங்கோ, லாபம் வேறு எங்கோ. கட்ட முடியாத நாளில் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பொறுப்பு. ஒரு தவணை தவறினால் பத்து பெண்களை ஒரு வீட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டு அதைக் குழு ஒற்றுமை என்று சொல்வது அநியாயம். சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, பிறகு வங்கிக்குப் போகிற மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அந்தப் பழைய முறைக்கு எவ்வளவோ பக்கம். குறுநிதிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு, எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கிடையாது. நான்காவது கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கந்துவட்டிக்காரரையும் ஒரு விஷயத்தில் பாராட்டத்தான் வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கதவைத் தட்டினால் அவர் திறக்கிறார். சங்கம் காலை பத்து மணிக்குத்தான் திறக்கிறது. அந்தப் பதினொரு மணி நேரத்துக்குத்தான் அவ்வளவு வட்டி. அவசரத்துக்கென்று குழுவிலோ குடும்பத்திலோ சிறு தொகை தனியாக ஒதுக்கியிருப்பவர் அந்தக் கதவைத் தட்டத் தேவையில்லை.

இனி அந்தக் கையெழுத்து. ஜாமீன் போடுவது மொய் எழுதுவது போல் அல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் மாறும். ஆகவே பேனாவை எடுக்கும் முன், தொகை எவ்வளவு, என்ன பயிர் அல்லது என்ன மாடு, தவணைத் தேதி எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பயிர்க்கடன் என்றால் தவணைத் தேதி ரொம்ப முக்கியம்: தமிழ்நாட்டுக் கூட்டுறவு சங்கத்தில் அந்தத் தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது, தாண்டினால் வட்டி உண்டு. தேதிக்குப் பத்து நாள் முன்னால் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் "என்னப்பா, கட்டியாச்சா?" என்று கேட்பது தலையீடு இல்லை. ஜாமீன் போட்டவர் கேட்க வேண்டிய கேள்வி அது. அவர் கோபித்துக்கொண்டால் அடுத்த வருஷம் கையெழுத்து இல்லை, அவ்வளவுதான்.

ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பேரவைக் கூட்டத்துக்கும் போக வேண்டும். டீ குடித்ததும் கிளம்பிவிடாமல், ஒருவராவது எழுந்து, காப்பு நிதி எவ்வளவு, தவணை தவறிய பாக்கி எவ்வளவு, தணிக்கை அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்கட்டும். செயலாளரிடம் பதில் இருக்கும். யாரும் கேட்காததால் அந்தத் தாள்கள் ஃபைலுக்குள்ளேயே இருக்கின்றன.